புளியங்கட்டை

எனக்கு வாதம் அடித்த அன்று கடையில் ஒரு கிடாயின் தொடையைப் பிளந்துகொண்டிருந்தேன். கத்தி நேராகத்தான் இறங்கியது, நான்தான் கோணலாகச் சரிந்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, எச்சில் ஒழுக, ரத்தமும் கொழுப்பும் மிதிபட்ட தரையில் கிடந்தேன். கண்ணுக்கு நேரே, காலையில் நானே அறுத்த கிடாயின் தலை இருந்தது. அதுவும் என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன். பிறகு நாலு பேர் வந்து கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவராக என்னைத் தூக்கிப் போனார்கள். ஆட்டையும் அப்படித்தான் தூக்குவோம்.

என் பெயர் சிட்டாள். காரைக்குடியில் சந்தைக்குப் போகிற வழியில் கறிக்கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் செத்ததும் நான் கத்தியைக் கையில் எடுத்தபோது, பொம்பளை கறி வெட்டுவதாவது என்று ஊரே மூக்கில் விரலை வைத்தது. வைத்த விரலை எடுத்துவிட்டு, அதே ஆட்கள் பையோடு வரிசையில் வந்து நின்றார்கள். கடை நடுவில் கறி வெட்ட ஒரு புளியங்கட்டை உண்டு. அதற்கு முன்னால் கத்தியோடு நிற்கிறவர்தான் முதலாளி. மற்றவரெல்லாம் எடுபிடி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வாய் நேராகிவிட்டது, திட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை. இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. இடது கால் கேட்டும் கேட்காத மாதிரி நடிக்கும். வலது கையால் சுவரையோ கட்டிலையோ பிடித்துக்கொண்டால் நிற்பேன். விட்டால் தரை எழும்பி மூஞ்சிக்கு வருகிற மாதிரி இருக்கும். கட்டையைப் பிடிக்கவும் அந்த ஒரு கைதான், கத்தியைப் பிடிக்கவும் அதே கைதான். பிடித்துக்கொண்டால் வெட்ட முடியாது, வெட்டப்போனால் பிடிக்க முடியாது. என் பிழைப்பு இப்படி மாட்டிக்கொண்டது.

நடை பழக்க நித்யஸ்ரீ என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பிசியோதெரபி படித்தவள், ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள்.

"மொதல்ல தரையில படுங்கம்மா. விழுந்தா எப்படி எந்திரிக்கிறதுன்னு சொல்லித் தாரேன். அது தெரிஞ்சுட்டா பயம் போயிரும்."

"விழாம இருக்கச் சொல்லிக் குடுக்கத்தான் ஒன்னயக் கூப்பிட்டது. விழுகச் சொல்லிக் குடுக்க வந்துட்டா பாரு."

அவளுக்குக் கோபமே வராது. தானே தரையில் படுப்பாள். நல்ல பக்கமாகப் புரள்வாள், முழங்கையை ஊன்றுவாள், முட்டி போடுவாள், நாற்காலியைப் பிடித்து நல்ல காலை முன்னால் வைத்து எழுவாள். "இம்புட்டுத்தான்ம்மா" என்பாள். வருகிறபோதெல்லாம் இந்தக் கூத்துதான். நான் கட்டிலில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே பார்ப்பேன், ஒருநாளும் படுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? எத்தனை ஆட்டை நான் காலை வாரிச் சாய்த்திருக்கிறேன். சாய்ந்தது உதைக்கும், துள்ளும், கண் பிதுங்கும், அப்புறம் அடங்கிவிடும். என் கடைத் தரையில் விழுந்தது எதுவும் எழுந்ததில்லை.

இதற்கிடையில் கடையைப் பார்த்துக்கொண்டவன் என் கொழுந்தன் மருதுபாண்டி. பார்த்துக்கொண்டான் என்ன, முழுங்கப் பார்த்தான். பெட்டை ஆட்டுக் கறியைக் கிடாய்க்கறி என்று போட்டான். கேட்ட ஒருவரைச் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினான். என் மகள் சத்தியப்பிரியா தட்டிக் கேட்டதற்கு ஓங்கி அறைந்துவிட்டான். கன்னத்தில் விரல் தடத்தோடு அவள் வீட்டுக்கு வந்து நின்றபோது எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டே கடைக்குப் போனேன்.

"கடைய விட்டு எறங்குடா."

"எறங்குறேன் மதினி. தீபாவளிக்கு நீங்களே வந்து இந்தக் கட்டைக்கு முன்னால நின்னு வெட்டுங்க. நின்னுட்டீகன்னா நான் இங்குட்டுத் தல வச்சுக்கூடப் படுக்க மாட்டேன். விழுந்துட்டீகன்னா கடை எனக்கு. சம்மதமா?"

கறி வாங்க வந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஷம் மண்டைக்கு ஏறிவிட்டது. "சரிடா" என்றேன். திரும்பி வரும்போது பாதி வழியில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தீபாவளி அன்று விடியும்போதே கூட்டம் நெருக்கியது. நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கட்டைக்குப் பின்னால் இரும்புத் தூண் ஒன்று இருக்கிறது. ஆடு கட்டுகிற கயிற்றை என் இடுப்பில் சுற்றித் தூணோடு இறுக்கச் சொன்னேன். சத்தியப்பிரியா அழுதுகொண்டே முடிச்சுப் போட்டாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், இன்றைக்கு விழாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

பாரத்தையெல்லாம் கயிற்றின் மேல் சாய்த்துக் கத்தியை ஓங்கினேன். முதல் வெட்டிலேயே எலும்பு பட்டென்று முறிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொடை, சப்பை, நெஞ்செலும்பு என்று வரிசையாக இறக்கினேன். சில்லு தெறித்துக் கன்னத்தில் ஒட்டியது, துடைக்கவில்லை. வரிசையில் முன்னால் நின்ற மெய்யம்மை ஆச்சி, "பழைய கை அப்படியேதான் இருக்கு" என்றார்.

ஓரமாகத் தோல் உரித்துக்கொண்டிருந்த மருதுபாண்டிக்கு அது பொறுக்கவில்லை. கையில் இருந்த தோல் கத்தியோடு எனக்குப் பின்னால் வந்தான்.

"ஆட்டக் கட்டுன மாதிரிக் கட்டிக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு நிக்கிறதா மதினி?"

கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தான்.

இடது பக்கமாக அப்படியே போனேன். முழங்கை தரையில் மோதியது, தலை கட்டையின் அடியில் இடித்தது, கத்தி எங்கோ பறந்தது. வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. என்னுடையதா ஆட்டுடையதா என்று தெரியவில்லை. கண்ணுக்கு நேரே மறுபடியும் ஒரு கிடாய்த்தலை, நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தது. சாவு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முழங்கை வலித்தது, காதுக்குள் கூட்டம் கூச்சல் போட்டது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை மாதம் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

சத்தியப்பிரியா தூக்க ஓடிவந்தாள். "தொட்டே, கொன்னுபுடுவேன்" என்றேன். அவள் நின்றுவிட்டாள்.

நல்ல பக்கமாகப் புரண்டேன். முழங்கையை ஊன்றினேன். கொழுப்பில் வழுக்கி மறுபடி மூஞ்சி தரையில் அடித்தது. மறுபடி ஊன்றினேன். முட்டி போட்டுத் தவழ்ந்து கட்டையைப் பிடித்தேன். வலது காலை முன்னால் வைத்து, பல்லைக் கடித்து, உன்னினேன். அந்த ஈர்க்குச்சிப் பெண் செய்தபோது எவ்வளவு லேசாக இருந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் எழுந்துவிட்டேன். சேலை முழுக்க ரத்தம் சொட்ட எழுந்து நின்றேன்.

"அதான் விழுந்துட்டீகல்ல. பேச்சுன்னா பேச்சுத்தான். கடை எனக்கு" என்று சொல்லி, மருதுபாண்டி தன் கையை விரித்துக் கட்டையின் மேல் வைத்தான்.

கட்டையில் இன்னொரு பெரிய கத்தி குத்தி நின்றது. என் வலது கை கட்டையைப் பிடித்திருந்தது. அந்தக் கையை விட்டேன். கத்தியைப் பிடுங்கினேன்.

"கைய எடு."

"வெட்ட மாட்டீக" என்று சிரித்தான்.

ஓங்கி இறக்கினேன். கடைசி நொடியில் இழுத்துக்கொண்டான். அப்படியும் கட்டைவிரல் நகமும் கொஞ்சம் சதையும் கட்டையிலேயே தங்கிவிட்டன. அவன் இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். பொய் சொல்ல மாட்டேன். நான் நிறுத்தியிருக்க மாட்டேன். என் மகளை அறைந்த கை அது.

அவன் அலறிக்கொண்டு கையைத் துண்டில் சுற்றினான். அவன் இடுப்பிலிருந்த கடைச் சாவியை எடுக்கச் சொன்னேன். கூட்டத்தைப் பார்த்தான், ஒருவரும் அவனுக்காக வாயைத் திறக்கவில்லை.

"கயித்த அறுத்தது யாருன்னு நாங்க பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறோம். சாவிய வச்சுட்டுப் போப்பா" என்றார் மெய்யம்மை ஆச்சி. அவன் சாவியை வீசிவிட்டுப் போனதும் என் பக்கம் திரும்பினார். "கட்டையக் கழுவிட்டு எனக்கு அரைக் கிலோ போடு சிட்டாள், நெஞ்செலும்பா."

அப்போதுதான் கவனித்தேன். என் கையில் கத்தி மட்டும்தான் இருந்தது. தூண் இல்லை, கயிறு இல்லை, கட்டையைக்கூடப் பிடிக்கவில்லை. இடது கால் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே நின்றது. கறி தீருகிற வரைக்கும் வெட்டினேன்.

மறுநாள் நித்யஸ்ரீ வந்தாள். வீங்கிக் கிடந்த முழங்கையைத் தடவிப் பார்த்தாள், நெற்றிப் புடைப்பைப் பார்த்தாள். யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் திட்டினாள். அவளுக்குத் திட்டத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ரொம்பப் பயமா இருந்துச்சாம்மா?"

"விழுகுற வரைக்கும் இருந்துச்சு தாயி."