லாய் குலத்துப் படகு எழுந்த நாள்

எங்கள் ஊர் இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகம் நிற்கிறது. நிலத்தைக் கொடுத்தோம். ஓடையைக் கொடுக்கவில்லை. நூலகத்துக்கும் மாணவர் விடுதிக்கும் நடுவே போகும் அந்த ஓடையின் அடிச்சேற்றில்தான் எங்கள் லாய் குலத்தின் டிராகன் படகு என்னும் நீண்ட துடுப்புப் படகு புதைந்து கிடக்கிறது. வெளியே வைத்தால் மரம் வெடித்துவிடும். சேற்றுக்குள் எத்தனை தலைமுறை ஆனாலும் கெடாது. சந்திரக் கணக்கில் நான்காம் மாதம் எட்டாம் நாள் அதை எழுப்புவோம். அன்று எழாத படகு அடுத்த மாதப் படகுத் திருவிழாவில் ஓடக்கூடாது. அப்படி ஓர் ஆண்டு எங்கள் குலத்துக்கு வந்ததில்லை.

இந்த முறை வந்துவிடும் போல இருந்தது. வேலைக்காக வெளியூர் போன எங்கள் ஆண்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. திருவிழாவை வளாகத்தோடு சேர்ந்து கொண்டாடலாம் என்று பல்கலைக்கழகம் மாணவர்களை அனுப்பியது. பையன்களைச் சேற்றில் இறக்கினேன். பெண்களைக் கரையில் நிறுத்தினேன். டிராகன் படகில் பெண் கால் வைப்பதில்லை.

எதிர்க்கரையில் கோக் குலத்துப் பெரியவர் கோக் ஸிங் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பட்டாசுச் சரம். எழுந்த படகுக்கு அக்கம்பக்கத்துக் குலத்தார் சரம் கொளுத்துவது மரியாதை.

"லாய் அண்ணே, உங்க டிராகன் இன்னும் தூங்குதா? எங்களது காலையிலயே குளிச்சிட்டு வெயில் காயுது. சரம் நமுத்துப் போயிடும் போல!"

"உங்களது தக்கை, தானா மிதக்கும். எங்களது இரும்பு மாதிரி மரம். பெரிய மனுஷங்க மெதுவாத்தான் எழுந்திருப்பாங்க."

சொல்லிவிட்டுப் படகுப் பக்கம் திரும்பினேன். படகுக்குள் இருந்த சேற்றை வாளிகளால் அள்ளியாகிவிட்டது. இருபுறமும் ஆட்களை நிறுத்தி ஆட்டினோம். படகு அசையவில்லை. அதற்குள் கடல் ஓதம் ஓடையில் ஏறத் தொடங்கிவிட்டது. தண்ணீர் தலைக்கு மேல் போனால் எவர் கையும் அடிமரத்துக்கு எட்டாது.

என் தம்பி மகன் சியூகெய் மார்பளவு சேற்றிலிருந்து கத்தினான். "பெரியப்பா, ஆள் பத்தாது! கரையில இத்தனை பொண்ணுங்க சும்மாதானே நிக்குது?"

அவர்களில் குட்டை முடிக்காரி ஒருத்தி ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தாள். ருவோலான் என்று பெயர். வடமேற்கே மழையே பெய்யாத சீமையிலிருந்து வந்தவளாம்.

"தாத்தா, நாங்க படகுல ஏறமாட்டோம். வெளியில நின்னு தள்றோம்."

கோக் ஸிங் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"படகுக்குள்ள கால் வைக்கக்கூடாதுன்னுதான் விதி. சேத்தைப் பத்தி எங்க முன்னோர் எதுவும் சொல்லலை. இறங்குங்க."

திமுதிமுவென்று இறங்கினார்கள். வலப்புறம் ஒரு தள்ளு, இடப்புறம் ஒரு தள்ளு. சியூகெய் குரல் கொடுக்க, எல்லோர் தோளும் ஒன்றாய்ச் சாய்ந்தன. ருவோலான் திடீரென்று மரத்தில் காதை வைத்தாள்.

"தாத்தா... உள்ள என்னமோ உறுமுது."

எனக்கும் கேட்டது. பூமியின் அடியிலிருந்து வருவது போல ஒரு நீண்ட உறுமல். சேறு கொப்பளித்தது. பெரிய பெரிய குமிழிகள் வெடித்தன. சேறு தன் பிடியைச் சட்டென்று விட்டது. படகின் முனை எகிறி மேலே வந்தது. பின்னாலேயே நடு உடல், அதன் பின்னால் வால். கருகருவென்று, நீர் வடிய, ஓடை வளைவு வரை நீண்டுகொண்டே போனது. விடுதி மாடங்களில் கைப்பேசியோடு நின்றவர்கள் படம் எடுக்க மறந்து வாய் பிளந்தார்கள். வாழ்நாள் முழுதும் பார்த்ததுதான். ஆனாலும் என் கைகள் தாமாகக் குவிந்தன.

அப்போதுதான் அது நடந்தது. படகு எழுந்த வேகத்தில், விளிம்பைப் பிடித்திருந்த ருவோலான் அதோடு தூக்கப்பட்டு, உருண்டு, படகுக்குள் மல்லாந்து விழுந்தாள்.

எதிர்க்கரையில் மடக்கு நாற்காலி கிறீச்சிட்டது.

"லாய் அண்ணே," கோக் ஸிங் எழுந்து நின்றார். "உங்க படகுல பொம்பளை ஏறிட்டா."

படகைப் பார்த்தேன். அது சாயவில்லை. அவளையும் சுமந்துகொண்டு, ஏறும் ஓதத்தோடு விரல் விரலாய் உயர்ந்துகொண்டிருந்தது. அவள் எழவும் பயந்து, இரண்டு கால்களையும் அந்தரத்தில் தூக்கியபடியே கிடந்தாள்.

"ஏறினாளா? காலைப் பாரும், ஆகாசத்துல இருக்கு. அவ கால் வைக்கலை. எங்க டிராகன் எழுந்திருக்கும்போது அவளைத் தன் முதுகுல தூக்கிக்கிச்சு. அது முடிவு பண்ணினதை மாத்த நான் யாரு? நீர் யாரு?"

பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "ஏம்மா, எத்தனை நேரம் காலைத் தூக்கிட்டே கிடப்பே? வாளியை எடு, தண்ணியை இறை."

அவள் மெல்லக் காலைக் கீழே வைத்தாள். படகு ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. வாளி வாளியாய்த் தண்ணீர் வெளியே பறக்க, எங்கள் படகு ஓடை நடுவே தானாய் மிதந்தது.

கோக் ஸிங் நாற்காலியை மடக்கி வைத்தார். சரத்தை மூங்கிலில் கட்டினார். தீக்குச்சியைக் கிழித்தார்.