மேலே எழுதிய கடைசி நாள்

கூடத்தில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, அக்கா, அக்கா வீட்டுக்காரர், அம்மா. உள்ளறையில் அப்பா. வாசலோரம் ஐந்து பெட்டிகளும் ஒரு நீலத் தோள்பையும். தோள்பை வீட்டின் கடைசிப் பெண்ணான சின்னவளுடையது. பத்து மணிக்குக் கார் வரும்.

பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுவது சின்னவளின் வேலை. மூன்று தீவுகள், எட்டு நாள் என்று இந்தச் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டதும் அவள்தான். அம்மாவின் முழங்காலுக்குப் படி குறைந்த அறை எது என்பது வரை ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். தீவு, அறை, எத்தனை இரவு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தாள். பதிவு செய்வது அண்ணன் பொறுப்பு.

அப்பாவுக்கு நினைவு தடுமாறி ஆறு வருடம். கதவு திறந்திருந்தால் அவர் பாட்டுக்கு நடந்து போய்விடுவார். அதனால் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும், சாவி சின்னவளிடம். அந்த ஆறு வருடத்தில் இதுதான் அவளுடைய முதல் விடுப்பு. எட்டு நாளைக்கு நர்ஸ் ஒருத்தி வருவாள் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

பதிவுத் தாள்களை அவளிடம் நீட்டினான். “ஒரு தடவை கண்ணை ஓட்டிடு.”

ஓட்டினாள். எல்லாப் பதிவிலும் ஐந்து பேர்தான்.

“என் பேர் எங்க?”

அக்கா பெட்டியின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

“நர்ஸ் வர முடியாதாம். நேத்துதான் சொன்னா,” என்றான் அண்ணன்.

“நேத்தா? இதுல மூணு வாரத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கே.”

“அவர் உன்கிட்டதானே அடங்குவார்,” என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

“விடும்மா, வீட்ல இருந்தா உனக்கும் ஓய்வு. நாங்க போட்டோ அனுப்பறோம்,” என்றார் அக்கா வீட்டுக்காரர்.

“ராத்திரி மூணு தடவை அவருக்குத் துணி மாத்துங்க மாமா. நீங்க ஓய்வெடுக்கறதை நான் போட்டோ எடுக்கறேன்.”

அப்போதுதான் தாளில் இன்னொன்றையும் பார்த்தாள். டிப்போவில் அட்டவணையைக் கடைசியிலிருந்துதான் போடுவார்கள். வண்டி திரும்பி வரும் நேரம் மேலே, கிளம்பும் நேரம் அடியில். அந்தப் பழக்கத்தில் ஊர் திரும்பும் நாளை மேலே, அதன்கீழ் கடைசித் தீவு, அடியில் முதல் தீவு என்று எழுதியிருந்தாள். கீழிருந்து படி என்று அண்ணனிடம் சொல்லியும் இருந்தாள். அவன் மேலிருந்தே வரிசையாகப் பதிவு செய்திருக்கிறான்.

“இன்னைக்கு ராத்திரி உங்களுக்கு ரூம் கடைசித் தீவுல. அங்க புதன்கிழமை மட்டும்தான் படகு போகும். இன்னைக்கு சனிக்கிழமை. நீந்திப் போங்க.”

“வயித்தெரிச்சல்ல பேசாதே,” என்றாள் அண்ணி.

அண்ணன் செல்போனை எடுத்துத் தேடினான். முகம் செத்துப்போயிற்று. “இப்பவே மாத்திக் குடுத்துடு. உனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.”

“மாத்தறேன். அதுல என் பேரும் இருக்கும். அப்பாகிட்ட யாரு இருக்கப்போறீங்க?”

அண்ணன் அக்காவைப் பார்த்தான். அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். வாசலில் காரின் ஹாரன் கேட்டது.

சின்னவள் உள்ளே போய் மாத்திரை டப்பாவை எடுத்துவந்து அண்ணன் மடியில் வைத்தாள். அதன்மேல் சாவி.

“எட்டு மணிக்கு வெள்ளை, சாப்பிட்டதும் மஞ்சள். துப்பினா திட்டாதே.”

“ஏய், நீ எங்க கிளம்பற?”

“முதல் தீவுக்கு. அங்க தினமும் படகு இருக்கு.”

“எப்ப வருவ?”

“மேலயே எழுதியிருக்கேன், படி.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கதவு பின்னால் அப்படியே திறந்து கிடந்தது.

“பூட்டுடா!” என்று கத்தினாள்.

கதவு சாத்தப்பட்டது. சாவி ஒரு சுற்று சுற்றியது.

“இன்னொரு சுத்து!”

அதுவும் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் படியிறங்கினாள்.