ரெண்டாவது ஆள்

லிப்ட் பழுது பார்க்கும் வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் லிப்டின் தலைமேல் ஏறினால், இன்னொருவர் மெஷின் ரூமில் சுவிட்ச் பக்கத்தில் நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் இருவரும் வேலைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் ஆளுக்கு எங்கே போவது? போர்மேன் வேலை பார்த்த கம்பெனியில் போவது ஒருவர்தான். தாளில் மட்டும் இருவர் போய் வந்திருப்பார்கள். அந்த இரண்டாவது கையெழுத்தைப் பதினோரு வருடமாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டு வந்தவர் போர்மேன்தான்.

இதற்கு ஒத்துக்கொள்ளாத மெக்கானிக் ஒரே ஒருவர். எந்தக் கட்டடத்துக்கு அனுப்பினாலும் கீழ்த்தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ரெண்டாவது ஆள் எங்க?" என்று போன் போடுவார். அதுவே அவர் பெயராகிவிட்டது. லிப்ட் ஓடாமல் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியவர்களெல்லாம் திட்டித் தீர்த்தது போர்மேனைத்தான். ஒருநாள் ரெண்டாவது ஆள், வாடிக்கையாளர் ஒருவரை வைத்துக்கொண்டே, "விதி தெரியாதாண்ணே, இல்ல படிக்கவே தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர் போர்மேன். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ரெண்டாவது ஆள் வேறு கம்பெனிக்குப் போன அன்று, போர்மேன் தன் செலவில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

போன இடத்திலும் மனிதர் அடங்கவில்லை. முகநூலில் எழுதத் தொடங்கினார். 'இன்றும் என்னைத் தனியாக அனுப்பினார்கள். பதினான்கு மாடி. மேலே யாரும் இல்லை.' பழைய ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இதை யாராவது ராகம் போட்டு வாசிப்பார்கள்.

"போர்மேன் சார், உங்க செல்லப்பிள்ளை இன்னைக்கும் அழுதிருக்கு!"

"கட்டிக்கிட்ட மகராசி எப்படித்தான் காலம் தள்ளுதோ!"

"அவங்க வீட்டுல தோசை சுட்டாக்கூட ரெண்டாவது ஆள் பக்கத்துல நிக்கணும்டா."

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போர்மேன் அந்தப் பதிவுக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்: 'எங்களிடம் இருந்தபோதும் இதே ஒப்பாரிதான். ஆள் மாறவே இல்லை.' நாற்பத்தொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். முள்ளைப் பிடுங்கி எறிந்தது போல இருந்தது போர்மேனுக்கு. மறுநாள் அதற்கு ஒரு பதில் வந்திருந்தது. புதுக் கம்பெனி மெக்கானிக் ஒருவர், 'அவர் சொல்வது நிஜம் சார். போன வாரம் நானும் தனியாகத்தான் போனேன்' என்று எழுதியிருந்தார். போர்மேன் அதைப் படித்தார். பதில் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"அண்ணே, நான்தான். வச்சுடாதீங்க."

"சொல்லு."

"கம்பெனி பேரைக் கெடுத்துட்டேன்னு வேலையை விட்டு எடுக்கப் போறாங்க. வியாழக்கிழமை விசாரணை. நீங்க எழுதினதை மட்டும் அச்செடுத்து பைல்ல வச்சிருக்காங்க. 'பழைய போர்மேனே சொல்லிட்டார், உனக்கு இது பழக்கம்'ங்கிறாங்க. ஒரே ஒரு கடுதாசி கொடுங்கண்ணே. உங்ககிட்ட இருந்தப்ப நான் சும்மா கத்தலைன்னு மட்டும் எழுதுங்க. போதும்."

"பார்க்கலாம்" என்றார் போர்மேன்.

என்ன பார்ப்பது? அவர் சும்மா கத்தவில்லை என்று எழுதினால், பதினோரு வருடத்துக் கையெழுத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டி வரும். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அன்று சாயங்காலம் போர்மேன் ஒரு வழி கண்டுபிடித்தார். முகநூலைத் திறந்து, தான் எழுதியதை நீக்கினார். மனசு லேசானது. ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"கடுதாசி?" என்று கேட்டாள் மனைவி.

"அதான் எழுதினதையே எடுத்துட்டேனே. இதுக்கு மேல என்ன?"

"அது உங்களுக்கு நல்லது. அவருக்கு?"

போர்மேன் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"அண்ணே, அந்தக் கமெண்ட்டை எடுத்துட்டீங்களா?"

"ஆமாப்பா. உனக்காகத்தான்."



"அதுக்குக் கீழதானேண்ணே அவன் எழுதியிருந்தான். எனக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். உங்களுது போனா அதுவும் சேர்ந்து போயிடும்ல? இப்ப போனைத் திறந்து காட்டலாம்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல. அவனைக் கேட்டா, நான் எழுதவே இல்லைங்கிறான். புள்ளகுட்டிக்காரன், பயந்துட்டான்."

"ஒரு படம் எடுத்து வச்சிருக்கக் கூடாதாய்யா?"

"நீங்க எடுப்பீங்கன்னு நினைக்கலண்ணே. சொன்னதை வாபஸ் வாங்குற ஆளா நீங்க?"

அதில் கிண்டல் இல்லை. அதுதான் போர்மேனைக் கொன்றது.

போனை வைத்ததும் ஆபீஸில் இருந்த பழைய வேலைத்தாள்களை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேதி, கட்டடம், போனவர், போகாமலே கையெழுத்துப் போட்டவர் என்று வரிசையாக எழுதினார். முப்பது பக்கம் வந்தது. கடைசியில், 'அவர் சொன்னவை அனைத்தும் உண்மை. பொய்க் கையெழுத்து என்னுடையது' என்று எழுதித் தன் பெயரை முழுசாகப் போட்டார். எழுதி முடிக்கச் சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. உடனே போன் போட்டார்.

"தம்பி, கடுதாசி எழுதிட்டேன். எல்லாத்தையும் எழுதிட்டேன். திங்கக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

"வேண்டாம்ண்ணே."

"என்னய்யா வேண்டாம்?"

"நேத்தே முடிச்சுட்டாங்க. எழுதினது எல்லாம் பொய்யின்னு மன்னிப்புக் கேட்டுப் பதிவு போட்டா, அனுபவச் சான்றிதழ் மட்டுமாவது தர்றோம்னாங்க. போட்டுட்டேன். சான்றிதழ் அடுத்த வாரம்தான் கைக்கு வரும். இப்ப நீங்க போய் உண்மைன்னு சொன்னா, அதுவும் போயிடும்."

போர்மேன் முப்பது தாள்களையும் பார்த்தார். அதில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை.

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லுவா? கையெழுத்துன்னு ஒண்ணு போட்டுத் தொலைச்சிருந்தா இப்ப வேலையில இருந்திருப்பீங்கங்கிறா. அண்ணே, உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களா?"

"ஏன்யா?"

"இருந்தா சொல்லுங்க. தனியாப் போகச் சொன்னாலும் போறேன்."

"லைன்ல இருக்கீங்களாண்ணே?" என்று ரெண்டாவது ஆள் இரண்டு தடவை கேட்டுவிட்டு, மெதுவாக வைத்துவிட்டார்.