கை மாறிய நீலம்

ராஜபாளையம் பருத்திக்கிடங்குத் தெருவில் மாரிசாமிக்கும் யோகேஸ்வரிக்கும் பிறந்த பெண்பிள்ளை தொட்டிலில் கிடந்தால் நீலமாக இருக்கும். யாராவது எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் பிள்ளை சிவந்துவிடும், எடுத்தவர் நீலமாகிவிடுவார். இதை முதலில் கவனித்தது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டின் நர்ஸ். பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருக்கிறதே என்று பதறி எடுத்தவர், டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பிள்ளை ரோஜா நிறமாகிவிட்டது. டாக்டர் பிள்ளையை விட்டுவிட்டு நர்ஸின் நகங்களைப் பார்த்தார். பிறகு பிள்ளையை மேஜையில் கிடத்தச் சொன்னார், எடுக்கச் சொன்னார், மறுபடி கிடத்தச் சொன்னார். ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவியை மாற்றி இன்னொன்றை வாங்கி மாட்டிப் பார்த்தார். அன்று மாலையே மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் இதய டாக்டர் திரையில் படத்தைக் காட்டி மாரிசாமிக்கு விளக்கினார். மாரிசாமி லாரி ஓட்டுகிறவன். வழி என்றால் அவனுக்குப் புரியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். "நுரையீரல்லருந்து நல்ல ரத்தம் கொண்டுவர்ற நாலு குழாயும் இதயத்தோட இடது பக்கம் வந்து சேரணும். இந்தப் பிள்ளைக்கு நாலும் வழி மாறி வலது பக்கம் போயிடுது. அங்க கெட்ட ரத்தத்தோட கலந்துடுது. நடுச்சுவர்ல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அது வழியா கொஞ்சம் இடது பக்கம் வருது. அதுலதான் உயிரோட இருக்கு."

"அந்த ஓட்டைய அடைக்கணுமா சார்?"

"இப்ப அது அடையவே கூடாது. குழாயெல்லாம் சரியான இடத்துல சேர்த்துத் தைக்கிற வரைக்கும் அது திறந்திருக்கணும்."

பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலும் இருந்ததால் உடனே கத்தி வைக்க முடியாது, சளி ஆறட்டும் என்றார்கள். ஊசி மருந்து முடிந்ததும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்து, மூச்சு வாங்கினாலோ பால் குடிக்கத் திணறினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் வர வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். தூக்கினால் சிவப்பதைப் பற்றி டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: தூக்கியே வைத்திருங்கள்.

யோகேஸ்வரி பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தவள், பாரம் சுமந்தும் நின்றும் பழகியவள். பிள்ளையை யாரிடமும் தரமாட்டேன் என்று அவளே வைத்திருந்தாள். பிள்ளை சிவப்பாகத் தூங்கியது. அவளுக்கு முதலில் நகம் நீலமானது, பிறகு உதடு, பிறகு கண்ணுக்குக் கீழே. மூன்றாம் நாள் பகலில் குழாயடியில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசற்படியில் சரிந்தாள். பிள்ளை தரையில் படாமல் பிடித்தது எதிர்வீட்டுக் கிருபாபாய். பிடித்த கையோடு தன் விரல்கள் கறுத்துக்கொண்டு வருவதை அவர் பார்த்தார். மலைப்படி ஏறி வந்ததுபோல் மூச்சு வாங்கியது. "அடியாத்தி, இம்புட்டையும் நீ ஒருத்தியாவா சொமந்த?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து பிள்ளை தெருவில் கை மாறிக்கொண்டே இருந்தது. ஒருவர் ஒரு மணி நேரம் தாங்குவார். இறக்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து மோர் குடித்தால் மூச்சு திரும்பிவிடும், நகத்தில் மட்டும் கொஞ்சம் நீலம் தங்கிவிடும். மில்லில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் கைகால் கழுவிவிட்டு நேரே வந்தார்கள். சீனிச்சாமி நாயக்கர் வீட்டில் எல்லோரும் வரிசையாக வாங்கிக்கொண்டார்கள். நாயக்கர் பிள்ளையோடு தெலுங்கில்தான் பேசுவார், பிள்ளை அவரிடம் மட்டும் கொட்டாவி விடும். கிருபாபாய் முதல் நாள் வேதக்கோயிலில் முழங்கால் போட்டு, பிள்ளையின் இதயத்து ஓட்டை அடைய வேண்டும் என்று உருகி ஜெபித்திருந்தார். ஓட்டை அடைந்தால் பிள்ளை போய்விடும் என்று மாரிசாமி சொன்னதும் அரக்கப்பரக்கக் கோயிலுக்கு ஓடி, "ஆண்டவரே, நேத்துக் கேட்டதக் காதுல வாங்காதீரும், அது திறந்தே கெடக்கட்டும்" என்று சத்தமாகவே சொன்னார். துடைப்பத்தோடு நின்ற, கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளை சரி என்பதுபோல் தலையாட்டினார்.

பிள்ளையைத் தொடாத வீடு தெருவில் ஒன்றுதான். அது மாரிசாமியின் அண்ணன் சிவபாண்டியின் வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அம்மா இறந்தபோது வழக்கப்படி இளையவன் மாரிசாமி கொள்ளி வைத்திருக்க வேண்டும். அவன் லாரியோடு திருமங்கலம் தாண்டி வந்துகொண்டிருந்தான். பொழுது சாய்கிறதென்று சிவபாண்டி தம்பிக்காகக் காத்திருக்காமல் தானே கொள்ளி வைத்துவிட்டார். மாரிசாமி சுடுகாட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாதி எரிந்திருந்தது. அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. ஒரே சுவரில் இரண்டு பக்கமும் ஆணி அடித்தார்கள், அவ்வளவுதான். சிவபாண்டிக்குப் பஞ்சாலைத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது, நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். ஒருநாள் அவர் கைகழுவி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். மாரிசாமி, "இருமுறவுக கையில பச்சப்புள்ளயக் குடுக்கக் கூடாது" என்று யாரையோ பார்த்துச் சொன்னான். சொன்னது நியாயம்தான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை என்று தெருவுக்கே தெரியும். சிவபாண்டி திரும்பித் தன் வீட்டுக்குப் போனார்.

ஆடிப்பூரத் தேரன்று காலையில் பிள்ளையை வாங்கிய ஒவ்வொருவரும் சில நிமிஷத்திலேயே தாங்க மாட்டாமல் அடுத்தவரைத் தேடினார்கள். சீனிச்சாமி நாயக்கர் நாலெட்டு வைப்பதற்குள் முழங்கை வரை கறுத்தார். பிள்ளை சிவக்கவும் இல்லை. சாம்பல் நிறத்திலேயே நின்றது, பாலைக் கடைவாயில் வழியவிட்டது. மாரிசாமி மதுரைக்குப் போன் போட்டான். "அந்த ஓட்டை சுருங்குது. கிளம்புங்க, ஆபரேஷன் தியேட்டர் ரெடியா இருக்கும்" என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அதில் மாரிசாமியும் யோகேஸ்வரியும் ஏறினார்கள். உதவியாளர் பெனின் பிள்ளைக்கு ஆக்சிஜன் மாட்டினான். சைரன் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது சிவபாண்டியும் தன் டிவிஎஸ்ஸை உதைத்தார். யாரும் கூப்பிடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையிலேயே வண்டி நின்றது. தேர் பார்க்க வந்த கூட்டம் சாலை வரைக்கும் வழிந்திருந்தது. வேன்களும் டிராக்டர்களும் பஸ்களும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நின்றன. போலீஸ்காரர்கள் விசிலடித்து ஒவ்வொரு வண்டியாக ஓரங்கட்டினார்கள். உள்ளே பிள்ளையை வைத்திருந்த யோகேஸ்வரி அதன்மேலேயே தலை சாய்ந்தாள். மாரிசாமி வாங்கினான். லாரி ஸ்டீயரிங் பிடித்த கை. அது அவரைப்பூ நிறமாகி, மைநிறமானது. வெளியே எங்கோ தேர் நகர்ந்து கூட்டம் ஓவென்று கத்தியது. பெனின் ஒரு கையால் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினான். அவனும் விழுந்தால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று மாரிசாமி தலையசைத்து மறுத்தான். அவன் கண்ணில் பூச்சி பறந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளை தன் கையிலிருந்து நழுவிவிடும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பின்கதவு திறந்தது. வண்டியைச் சாலையில் போட்டுவிட்டு, நின்ற வாகனங்களுக்கு நடுவே ஓடி வந்த சிவபாண்டி, மூச்சிரைக்க நின்றார்.

"ஏலே, பிள்ளையக் குடு."

மாரிசாமி அவரைப் பார்த்தான். அவர் இருமலை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஏலாதுண்ணே."

"ஏலும். குடு."

எட்டு வருஷத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அவ்வளவுதான். மாரிசாமி கொடுத்தான். சிவபாண்டி ஏறி உட்கார்ந்து பிள்ளையைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டார். போலீஸ்காரர் ஒருவர் வேனை உருட்டித் தள்ளி வழி விட்டார். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் பிள்ளையின் காதுமடல் சிவந்தது. கல்லுப்பட்டியில் உள்ளங்கால் சிவந்தது. சிவபாண்டியின் கழுத்து, முகம், கண்ணின் வெள்ளை எல்லாம் நீலமேறிக்கொண்டே வந்தது. இரண்டு கையும் தோள் வரைக்கும் இரவு வானம்போலாகிவிட்டது. மாரிசாமி அண்ணன் சாயாமல் இருக்க முதுகில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தான்.

"இருமல் வந்தாச் சொல்லுண்ணே. வாங்கிக்கிறேன்."

"வரல," என்றார் சிவபாண்டி.

உண்மையிலேயே வரவில்லை. மதுரை வரைக்கும் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் பிள்ளையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் இருமி, அப்படியே ஸ்ட்ரெச்சரில் விழுந்தார். ஒரே லிஃப்ட்டில் பெரியப்பனும் மகளும் மேலே போனார்கள், அவர் தீவிர சிகிச்சைக்கும் அவள் தியேட்டருக்கும்.

அறுவைச் சிகிச்சையின்போது யாரும் தூக்கியிருக்க முடியாது. பிள்ளையின் ரத்தத்தை ஒரு எந்திரம் வாங்கி, சிவப்பாக்கி, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நாலு குழாய்களையும் டாக்டர் இடது பக்கம் சேர்த்துத் தைத்தார். ஓட்டையை அதற்குப் பிறகுதான் அடைத்தார். மாரிசாமியும் யோகேஸ்வரியும் பெஞ்சில் இருந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள், நான்கு கையும் ஒரே நிறம். எந்திரத்தை நிறுத்தி, இதயம் தானாக அடிக்கத் தொடங்கிய வேளையில் பருத்திக்கிடங்குத் தெருவில் பிள்ளையைத் தூக்கிய அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. கிருபாபாய் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். தன் கடையில் காய் நிறுத்துக்கொண்டிருந்த சீனிச்சாமி நாயக்கர் தராசைக் கீழே வைத்தார். போன் வருவதற்கு முன்பே தெருவில் காபி போட்டுவிட்டார்கள்.

பிள்ளைக்குச் சத்யப்பிரியா என்று பெயர் வைத்தார்கள். மார்பின் நடுவே நேர்கோடாக ஒரு தழும்பு. மற்றபடி எல்லாப் பிள்ளைகளையும்போல ஓடுகிறாள், விழுகிறாள், வருஷத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறாள். சிவபாண்டி பல வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தார். கைகளின் நீலம் போகவில்லை. இருமல் திரும்ப வந்துவிட்டது. தெருக்காரர்களின் நகத்து நீலமும் அப்படியே நின்றுவிட்டது. மருத்துவ முகாமுக்கு வந்த புது டாக்டர் ஒருவர் எல்லோரையும் உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தார், கூட வந்த நர்ஸ் விஷயத்தைச் சொன்னதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாயக்கர் பேத்தியைப் பெண் பார்க்கத் தளவாய்புரத்திலிருந்து வந்தவர்கள் விரலைப் பார்த்துக் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய் சரி என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

போன தை மாதம் கூமாப்பட்டியிலிருந்து வேலுத்தாய் என்று ஒருத்தி, இந்தத் தெருவைப் பற்றிக் கேள்விப்பட்டு, துண்டில் சுற்றிய பிள்ளையோடு தெருமுனையில் பஸ் இறங்கினாள். அவள் உதடும் நகமும் கறுத்திருந்தன. யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நின்றாள். மதுரையில் நாள் குறித்திருக்கிறார்கள், அதுவரைக்கும் தாங்க வேண்டும், வீட்டில் அவளும் புருஷனும் மட்டும்தான் என்று குழாயடியில் சொன்னாள். சொல்லி முடிக்கும்முன் குடங்கள் ஓரமாகப் போய்விட்டன. சிலர் கை கழுவினார்கள். மாரிசாமி நாற்காலி கொண்டுவந்து போட்டான். கிருபாபாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்தார்.

"பால் எப்பக் குடிச்சுச்சு?" என்று கேட்டார்.