அழுந்திய பொத்தான்

இறங்கலாம் என்று அவள் கோபுரத்திலிருந்து சொல்லி முடித்தபோது, அனுமதி கேட்ட விமானியின் விமானம் இன்னும் மேகத்துக்குள் இருந்தது. ஓடுபாதையின் முனையில் வேறொரு விமானம் புறப்படத் தயாராக நின்றுகொண்டிருந்தது. அது கிளம்பிவிடும், பின்னால் வருவது இறங்கும், இடையில் தாராளமாக நேரம் இருக்கிறது. நெரிசல் வேளையில் இந்தக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எல்லோரும் செய்வதுதான். இறங்க வருபவருக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட்டால் அவர் தொணதொணக்க மாட்டார், அலைவரிசை காலியாக இருக்கும். விதிகளும் இதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தன. அதனால் அது தப்பு என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

அடுத்து, முனையில் நிற்பவருக்குப் புறப்பட அனுமதி கொடுக்கப் பொத்தானை அழுத்தினாள். காதில் கீச்சென்று ஒரு சத்தம். விரலை எடுத்ததும் ஓர் ஆண் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து வீடு வீடாவே இல்லப்பா. இவளுக்கு ரெண்டு பேருக்குச் சமைக்கவே வரல. பழையபடி மூணு பேருக்குத்தான் செய்யறா. மிச்சத்தையும் சேத்து நான்தான் முழுங்கறேன்."

இன்னொருவர் சிரித்தார். முதலில் பேசியவர் யார் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. முனையில் நிற்கும் விமானத்தின் கேப்டன். அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் பல வருடங்களாகக் கேட்ட குரல். அவருடைய மைக் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டிருந்தது. ஓர் அலைவரிசையில் ஒருவர்தான் பேச முடியும். அந்தப் பொத்தான் விடுபடும்வரை அவள் பேசுவது அவருக்கும் கேட்காது, இறங்கி வருபவருக்கும் கேட்காது. இறங்கி வருபவர் கையில் அவளே கொடுத்த அனுமதி இருந்தது.

மறுபடி அழுத்தினாள். கீச். மறுபடியும் கீச்.

"சார், மைக் மாட்டிக்கிச்சு" என்றாள். பின்னால் இருந்த மேற்பார்வையாளர் தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டு அவசர அலைவரிசையைப் பிடித்தார். எந்த விமானமும் அதை ஒரு காதால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறங்கும் நேரத்தில் பாதிப் பேர் அதன் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள் என்பது நடைமுறை. அவர் இரண்டு விமானங்களையும் மாறி மாறி அழைத்தார். பதில் இல்லை.

பக்கத்து இருக்கையில் விளக்குகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது தாண்டியும் பெண் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒட்டிய பெயர், கல்யாணம் ஆன பிறகும் போகவில்லை. அவர் இறங்காதே என்று சைகை காட்டும் சிவப்பு விளக்குத் துப்பாக்கியைக் கண்ணாடியோரம் தூக்கிப் பிடித்து மேகத்தைப் பார்த்து அடித்தார். மழை அந்த ஒளியைச் சற்று தூரத்திலேயே விழுங்கிவிட்டது.

"ஏம்ப்பா, இன்னும் நம்மள விடலயே" என்றார் கேப்டன், ஒலிபெருக்கியில்.

"பின்னாடி ஒருத்தன் வரான் சார். திரையில தெரியுது. கிட்டதான் இருக்கான்."

அவள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். நகருங்கள், கேட்காமலே நகருங்கள், பக்கத்துப் பாதையில் திரும்பி ஒதுங்குங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள். எந்தக் கேப்டனும் சொல்லாமல் நகர மாட்டார். நகரக் கூடாது என்றுதான் அவளே இத்தனை வருடமாக எல்லோரையும் அதட்டியிருக்கிறாள்.

"வரட்டும். இன்னிக்கு அந்தம்மா இருக்காங்க" என்றார் கேப்டன். "அவங்க குரலக் கேட்டாலே எனக்கு நிம்மதிப்பா. அவங்க பாக்கறாங்கன்னா நான் கண்ண மூடிட்டு உக்காந்திருப்பேன்."

மேற்பார்வையாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இப்படியா ஒரு மனிதர் முன்பின் பார்க்காத ஒருத்தியை நம்புவார்? யார் நம்பச் சொன்னது? ராடாரில் பின்னால் வரும் புள்ளி ஓடுபாதையை ஏறக்குறைய தொட்டுவிட்டது. மேகத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த விமானிக்கு முதலில் தெரிவது விளக்குகள்தான். நிற்கும் விமானத்தின் வால் விளக்கு அந்தக் கூட்டத்தில் கலந்துவிடும். அவர் நேராக அதன்மேல் வந்து இறங்குவார்.

"மாப்பிள்ளை, ஓடுபாதை விளக்கெல்லாம் அணைச்சிடுங்க."

"அவன் இறங்கிக்கிட்டிருக்கான்க்கா."

"அதனாலதான் சொல்றேன்."

"தரைகிட்ட வந்தவனுக்குக் கண்ணு தெரியலன்னா தடுமாறிடுவான். வேற எங்கயாவது கொண்டுபோய் மோதிட்டா?"

"விளக்கு தெரியலன்னா மேல ஏறணும்னு அவருக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. அணைங்க."

மாப்பிள்ளை மேற்பார்வையாளரைப் பார்த்தார். அவர் இன்னும் அவசர அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் இருந்த இடத்திலிருந்தே மாப்பிள்ளையின் கையைத் தாண்டிக் கையை நீட்டி, அணுகுபாதை விளக்கு, ஓரவிளக்கு, நடுக்கோட்டு விளக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டி அணைத்தாள். கண்ணாடிக்கு வெளியே எல்லாம் ஒரே சாம்பல் நிறமானது. ஒருவேளை இப்போதுதான் அவர்களைக் கொன்றேனோ என்று நினைத்தாள். ஓடிப்போய்விட வேண்டும் போலிருந்தது.

மேகத்திலிருந்து விமானம் வந்தது. சக்கரங்கள் தொங்கின. மூக்கு இன்னும் கீழ்நோக்கியே இருந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூக்கு மெல்ல நிமிர்ந்தது, எஞ்சின்கள் அலறின. நின்றிருந்த விமானத்தின் வாலுக்கு மேலே, நடுவில் ஒரு வீட்டை வைக்கக்கூட இடமில்லாத உயரத்தில், அது கடந்து மழைக்குள் ஏறிப் போனது. அந்த இரைச்சல் கண்ணாடி வழியாகவும் கேட்டது, கேப்டனின் மைக் வழியாகவும் கேட்டது.

"என்னப்பா அது?"

"நம்ம தலைக்கு மேல போனான் சார்" என்றார் துணை விமானி, வேறு யாருடைய குரலோ போல.

"எந்திரிம்மா" என்று மேற்பார்வையாளர் அவள் தோளைத் தொட்டார். இதுபோல் நடந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும், அடுத்தவர் உட்கார வேண்டும், அதுதான் முறை. அதன்பிறகு விசாரணை. முன்கூட்டியே ஏன் அனுமதி கொடுத்தாய் என்று கேட்பார்கள், கேட்பவர்களும் அப்படித்தான் கொடுத்திருப்பார்கள். அவள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை.

"கோபுரம், கேக்குதா?" என்றார் கேப்டன். பொத்தான் இன்னும் விடுபடவில்லை. "கோபுரம், எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். கீச்.

"அந்தம்மா இப்படிப் பேசாம இருக்க மாட்டாங்களேப்பா. அவங்களுக்கு என்ன ஆச்சோ."

அவள் எழுந்து கண்ணாடியருகே போய் நின்றாள். விளக்கணைந்த ஓடுபாதையின் முனையில் அந்த விமானம் மட்டும் தனியாக நின்றது. முன்கண்ணாடியில் அதன் துடைப்பான்கள் வலமும் இடமும் போய்க்கொண்டிருந்தன. பொத்தானில் கை வைக்காமலே அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேக்குது கேப்டன். கேக்குது, சொல்லுங்க."