கை வைக்காத இருபது நிமிடம்

பைப் அக்காவிடம் பிளம்பிங் சான்றிதழ் இருந்தது. பன்னிரண்டு வருட அனுபவத்துக்குக் கடிதமும் இருந்தது. தொழிற்பயிற்சி ஆசிரியராக இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி: வேலை தெரியாத ஒருவருக்கு இருபது நிமிடத்தில் ஒரு குழாய் மாட்டக் கற்றுத்தர வேண்டும். வாயால் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த வருடம்தான்.

அதுதான் அவளுக்குப் பயம். யாராவது ஸ்பேனரைக் கோணலாகப் பிடித்தால் அவள் கை முதலில் பிடுங்கிவிடும், வாய் அப்புறம்தான் பேசும்.

தேர்வு நாளன்று, கற்றுக்கொள்ள வரவேண்டிய ஆள் வரவில்லை. தேர்வாளர் வராந்தாவை எட்டிப் பார்த்தார். அங்கே அவள் புருஷன், ஊசி நூலைத் தவிர எதையும் தொட்டறியாத தையல்காரர், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்க உள்ள வாங்க."

போச்சுடா என்று இருந்தது அவளுக்கு. இந்த மனுஷர் பல்பு மாட்டக்கூட ஏணி ஏறியதில்லை! கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள்.

அவள் சொல்லச் சொல்ல, அவர் குழாயின் திருகு மரையில் தண்ணீர் ஒழுகாமலிருக்க வெள்ளை டேப்பைச் சுற்றினார். திருகினார். டேப் கசங்கிச் சுருண்டு வந்தது. மறுபடியும் அப்படியே. அவள் கை ஒன்று தானாக முன்னால் வந்தது. தேர்வாளர் பேனாவைத் தூக்கினார். கை பின்னால் ஓடியது.

"ஏங்க, தையல் மெஷின்ல நூல் பாபினைத் தலைகீழாப் போட்டா என்னாகும்?"

"நூல் எதிர்ப்பக்கமா சுத்தி வரும், தையல் நிக்காது."

"சரி, இப்ப குழாயை எந்தப் பக்கம் திருகுறீங்க?"

அவர் திருகிப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். "அடடே! திருகுற பக்கமாத்தானே டேப்பையும் சுத்தணும்!"

இந்த முறை டேப் புதுச்சட்டைக் காலர் மாதிரி படிந்தது. வால்வைத் திறந்தார். மூன்று தலைகள் குனிந்தன. ஒரு சொட்டு இல்லை.

அவள் போட்ட கூச்சலில் அடுத்த அறையில் ரம்பம் நின்றது. எத்தனையோ மாடி வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவள், ஒரு நாளும் இப்படித் துள்ளியதில்லை.

"இவருக்கு முன்னாடியே தெரியும் போலிருக்கே?" என்று தேர்வாளர் சந்தேகப்பட்டார்.

"எங்க வீட்டுக் குழாயை வந்து பாருங்க சார். எனக்கு நேரமில்ல, இவருக்குத் தெரியாது. மூணு வருஷமா ஒழுகுது!"

தேர்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "முடிஞ்சுது, நீங்க கிளம்பலாம்."

தையல்காரர் காதில் வாங்கவே இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"டீச்சர், இன்னொரு குழாய் இருக்கா?"