கொச்சி யூதர்களாக நாங்கள் நடித்த சனிக்கிழமை

முழங்கால் ரெண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. காலையிலிருந்து வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மனைவி ஷைனா, கால் மரத்துப்போய் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். எதிரே பெஞ்சில் ஜீவரத்தினம் அங்கிள், தலையில் குல்லாவும் தோளில் வெள்ளைத் துணியுமாக, நேற்றுத்தான் சீனாய் மலையிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கலிஃபோர்னியாவில், குபெர்டினோ என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து அதைக் கொச்சி யூதர்களின் ஜெபாலயமாக மாற்றியிருந்தார்கள். நாங்கள்தான் யூதர்கள்.

படம் எடுத்தது ஓர்லி என்ற இஸ்ரேல் பெண். சினிமா படிக்கிறவள். இந்தியன் கடைக் கண்ணாடியில் 'தென்னிந்திய முகங்கள் தேவை, இஸ்ரேலியப் படம்' என்று ஒட்டியிருந்தாள். அங்கிள் கண்ணில் 'இஸ்ரேல்' மட்டும்தான் பட்டது. அன்று மாலையே எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் எல்லா வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார். பரிசுத்த தேசத்துப் படம் என்றார். மோசேயா ஆபிரகாமா என்று தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று தாடி வளர்த்தார். ரெபெக்கா ஆன்ட்டி, அவர் சம்சாரம், ஆளுக்கொன்று என்று வெள்ளை பெட்ஷீட் வாங்கி வந்தாள்.

ஓர்லி முதல் வேலையாக அந்தத் தாடியை எடுக்கச் சொன்னாள். பெட்ஷீட்டுகளை ஒதுக்கி வைத்தாள். ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டே கதை சொன்னாள்.

"பன்னிக்கறி. அதுவும் ஓய்வுநாளில ஷூட்டிங்," என்றார் அங்கிள் என் காதில். "இவ நெஜமான யூதச்சிதானா தம்பி?"

கதை இதுதான். கொச்சியில் ஒருவன். அவன் தாத்தாவுக்குத் தாத்தா அடிமையாக இருந்து விடுதலையானவர். அதனால் வெள்ளைத்தோல் யூதர்கள் அவனை ஜெபாலயத்தில் பெஞ்சில் உட்கார விடுவதில்லை. தரைதான். சரி, சொந்த தேசம் கிடைத்துவிட்டது என்று இஸ்ரேலுக்குக் கப்பலேறுகிறான். அங்கே பாலைவனத்தில் ஒரு கூடாரத்தைக் கொடுத்து, நீ யூதன்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள்.

"எங்க அப்பா மொராக்கோவிலிருந்து வந்தவர்," என்றாள் ஓர்லி. "எங்க ஊர் சினிமாவில் அவரை மாதிரி ஆள் வந்தால் மூட்டை தூக்குவான், இல்லை சிரிக்க வைப்பான். இப்பத்தான் நாங்களே கேமராவைப் பிடிக்க ஆரம்பிச்சிருக்கோம்."

"டச்சிங்," என்றாள் ரெபெக்கா ஆன்ட்டி. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு சினிமா ஆசை கிடையாது. நான் போனதற்குக் காரணம் அம்மா. தூத்துக்குடி உப்பளத்தில் காலமெல்லாம் உப்புப் பெட்டி சுமந்தவள். சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடியே இல்லாமல் போனவள். போன வருஷம் செத்துப்போனாள். விசா சிக்கலில் நான் மண் போடக்கூடப் போகவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை வருஷம் திரும்புகிறது. எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் முறைவைத்து ஒரு வீட்டில் ஜெபம், பிறகு சாப்பாடு. என் வீட்டுக்கு அந்த முறை வந்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும், கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த மாசம் என்பார் அங்கிள். கர்த்தரின் சித்தம் எப்போதும் ரெண்டு கார் கராஜ் இருக்கிற வீடாகப் பார்த்தே இறங்கும். இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் முன்னால் கேட்டால் நழுவ முடியாது என்று நினைத்துத்தான் வந்தேன்.

கேமரா வைக்கும்போது ஓர்லி, "லைட் பார்க்கணும், எல்லாரும் இஷ்டப்படி உட்காருங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பெஞ்ச் கொஞ்சம்தான். அங்கிள் குடும்பம் உட்கார்ந்தது. அவருக்குச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள். நானும் ஷைனாவும் தரையில் உட்கார்ந்தோம். பெஞ்சில் இடம் மிச்சம் இருந்தது. அங்கிள் வீட்டு ஜெபத்திலும் அவர்கள் சோபா, நாங்கள் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கார்ப்பெட். இங்கேயும் யாரும் சொல்லவில்லை. கழுதை தானாகத் தொழுவத்துக்குப் போகிற மாதிரி அவரவர் இடத்துக்குப் போய்விட்டோம்.

ஓர்லி திரும்பிப் பார்த்தாள். கைதட்டினாள்.

"யாருமே அசையாதீங்க! இதைச் சொல்லிக்கொடுக்க பாதி நாள் ஆகும்னு நினைச்சேன். எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

அங்கிள் குல்லாவைச் சரிசெய்துகொண்டார். அவளுக்கு ஒரே சந்தோஷம். தன் அப்பா மாதிரி ஆட்களுக்கு நடந்ததைச் சொல்லி ஆதங்கப்பட்டவள், எங்களுக்கு நடப்பதைப் பார்த்து ஃபிலிம் மிச்சம் என்று குதித்தாள். நான்தான் தரையில் உட்காரும் கதாநாயகன் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

அன்றைய கடைசிக் காட்சியில்தான் மாட்டிக்கொண்டது. நான் தரையிலிருந்து எழுந்து, நேரே நடந்து போய், அங்கிள் கையிலிருக்கும் வேதப்புத்தகத்தை வாங்கி வாசிக்க வேண்டும். அவர் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் போய் நின்றேன். அவர் கொடுக்கவில்லை. கை புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"கட்! சார், கொடுங்க."

மறுபடி போய் நின்றேன். மறுபடி கை வரவில்லை.

"ஜெஃப்ரின் கையில குடுக்கறேன், அவன் படிக்கட்டும். பையனுக்கு ஆக்சென்ட் நல்லாருக்கும்," என்றார்.

மகன் ஜெஃப்ரின் பெஞ்சிலிருந்து கத்தினான். "டாட், இட்ஸ் ஜஸ்ட் ஆக்டிங்!"

"சும்மா இருடா. உனக்கென்ன தெரியும்?"

ஓர்லி சாப்பாட்டுக்கு விட்டாள். எல்லாரும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அங்கிள், வர்ற வெள்ளிக்கிழமை அம்மா செத்து வருஷம் ஆகுது. வீட்டு ஜெபத்தை எங்க வீட்டுல வச்சுக்கலாமா?"

அவர் அவசரமாக மென்றார். "ஆண்டவர் பார்வையில எல்லா வீடும் ஒண்ணுதான் தம்பி. உங்க அபார்ட்மென்ட்ல பார்க்கிங்தான் பிரச்சனை."

"தெருவுல விடலாம் அங்கிள்," என்றாள் ஷைனா. "எல்லாரும் விடுறாங்க."

"சமையல் எல்லாம் உனக்கெதுக்கும்மா கஷ்டம்?" என்றாள் ரெபெக்கா ஆன்ட்டி. எங்கள் வீட்டுச் சமையலை அவள் இதுவரை தொட்டதில்லை.

அங்கிள் சாப்பாட்டை வைத்துவிட்டு, என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். என்னை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அந்த சீன் வேண்டாம்னு நீயே சொல்லிடு. முழங்கால் வலி, எந்திரிக்க முடியலன்னு சொல்லு. இந்தப் படம் ஊருக்கெல்லாம் போகும். உன் கையில நான் புத்தகம் குடுக்கறத எங்க அண்ணன்மாருங்க பாப்பாங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

"வெள்ளிக்கிழமை?"

"உன் வீட்டுலதான். நானே ஜெபம் நடத்துறேன். போதுமா?"

யோசிக்கவே இல்லை. அந்த சீனை விற்றேன். ஓர்லியிடம் போய், எழுந்திருக்க முடியவில்லை என்றேன். அவள் என்னையும் பார்த்தாள், பெஞ்சையும் பார்த்தாள். புரிந்திருக்கும். ஆனால் ஹாலைச் சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். "சரி, தரையிலேயே முடிச்சிடலாம். இன்னும் சோகமா இருக்கும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஷைனா லீவு போட்டுச் சமைத்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு, அப்பளம். அபார்ட்மென்ட் ஆபீஸில் கெஞ்சி மடக்கு நாற்காலி வாங்கி வந்தேன். எல்லாரும் நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று கார்ப்பெட்டை மறைத்து நெருக்கமாகப் போட்டேன். அம்மா போட்டோவை மேஜையில் வைத்தோம்.

கூட்டம் ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் போன் வந்தது.

"ஷைனாவா? ஆன்ட்டி பேசறேன். ஜெஃப்ரினுக்கு நாளைக்கு டெஸ்ட்மா. அங்கிளுக்கு லேசா காய்ச்சல் வேற. நாங்க இங்கேருந்தே ஜெபம் பண்ணிக்கறோம். ஆண்டவருக்கு தூரம் ஏது, சொல்லு?"

மற்றவர்கள் போன்கூடப் பண்ணவில்லை. அங்கிள் போகாத வீட்டுக்கு அவர்கள் போவதில்லை. நானும் ஷைனாவும் நாற்காலிகளுக்கு நடுவில் நின்றோம். நான் பைபிளைத் திறக்கவில்லை. குழம்பு ஃப்ரீசருக்குப் போனது.

படத்தை அந்த வருஷக் கடைசியில் ஓர்லி படிக்கிற காலேஜில் போட்டார்கள். ஒரு மணி நேர டிரைவ். காய்ச்சல், டெஸ்ட், பார்க்கிங் ஒன்றும் குறுக்கே வரவில்லை. சபையே பட்டுப்புடவையில் வந்து இறங்கியது. திரையில் அங்கிள் பெஞ்சில் உட்கார்ந்து கம்பீரமாக வாசித்தார். நான் தரையில் கிடந்தேன். அமெரிக்காக்காரர்கள் எனக்காக மூக்கைச் சிந்தினார்கள்.

முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழுந்து, உங்கள் மக்களிடமும் இப்படி உண்டா என்று கேட்டாள். அங்கிள் மைக்கைத் தேடி வாங்கினார்.

"கிறிஸ்தவர்களிடம் அது கிடையாது மேடம். நாங்கள் ஒரே குடும்பம். இதெல்லாம் நடிப்பு."

கைதட்டல். ஓர்லியும் தட்டினாள். அவர் வீடியோ காசெட்டாகப் பல பிரதிகள் போட்டு, இஸ்ரேல் படத்தில் நடித்தேன் என்று ஊரிலிருக்கும் அண்ணன்மார்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

அதற்கப்புறம் நான் அந்த சபைக்குப் போகவில்லை. கடையில் பார்த்தால் அங்கிள், "தம்பி, ஆளையே காணோம், உனக்காகத்தான் ஜெபிச்சுக்கிட்டிருக்கேன்," என்பார். எனக்காக ஒன்றும் வேண்டாம். அவர் எனக்குத் தர வேண்டியது வேறு: என் அம்மாவுக்காக, என் வீட்டில் உட்கார்ந்து, ஒரு ஜெபம். அது இன்னும் பாக்கி.